சிக்னல் முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை

நான் பயன்படுத்தும் மலிவு சிம்மின் நிறுவனம் மறுபடியும் விலையைக் குறைத்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "நீதான் ரொம்ப நாளாக வைத்திருக்கிறாயே, நானும் மாறிவிடலாமா?" என்று கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியாக எனக்கு அது படவில்லை. எத்தனை ஜிபி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, விளம்பரத்தில் இல்லாததை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம். முன்பு நான் கட்டிக்கொண்டிருந்ததில் பாதிகூட இப்போது ஆவதில்லை. சொன்ன தொகைக்கு மேல் ஒரு காசு பிடித்ததில்லை. ஒப்பந்தக் காலம் கிடையாது, விலகினால் அபராதம் கிடையாது. கேட்காத சேவையைத் தலையில் கட்டி அதற்குப் பணம் பிடிக்கும் வேலையும் நடந்ததில்லை. பெரிய நிறுவனத்தில் இருந்தபோது இந்த நிம்மதி எனக்கு இருந்ததில்லை.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது: குரல். 4ஜி வழியாகவே போகும் அழைப்பில் ஒலி அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. பழைய முறை அழைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். புதிய முறை சுமார் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. 'ச', 'ஸ', 'ஃப' மாதிரியான காற்றொலிகளின் பெரும்பகுதி அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். முன்பெல்லாம் ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும், இப்போது முதல் முறையிலேயே பிடித்துக்கொள்கிறார். இரண்டு பக்கத்துப் போன்களும் வலையமைப்புகளும் இதை ஆதரிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மலிவு சிம்மில் இதைக் கொடுக்க மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குக் கொடுத்தார்கள், குறையில்லாமல் கொடுத்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாதிரி நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த டவர் கிடையாது. பெரிய நிறுவனம் ஒன்றின் வலையமைப்பை மொத்த விலைக்கு வாங்கி, தன் பெயரில் சில்லறையாக விற்கின்றன. இது ஒன்றும் புதிதில்லை. 1999இல் பிரிட்டனில் வர்ஜின் மொபைல், ஒன்-டு-ஒன் நிறுவனத்தின் டவர்களை நம்பித்தான் தொடங்கியது. கடை வாடகை, டவர் பராமரிப்பு, அலைக்கற்றை ஏலம் எதுவும் இவர்கள் தலையில் இல்லாததால் விலை குறைகிறது. அதில் எந்த ஏமாற்றும் இல்லை. ஏமாற்று, "டவர் ஒன்றுதானே, சேவையும் ஒன்றுதான்" என்று சொல்லி விற்கிற இடத்தில் இருக்கிறது.

மாலை ஆனால் என் போனில் நெட் நின்றுவிடுகிறது. சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கும், 4ஜி என்று எழுத்தும் இருக்கும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. ரயில் நிலையத்தில் டிக்கெட்டைக் காட்ட வேண்டிய நேரத்தில் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். மைதானம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், பெரிய திருமண மண்டபம் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் இதே கதைதான். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பார்த்தால் வேகம் அள்ளிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் அந்த வேகத்தை வைத்து நான் என்ன செய்ய?

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் போனை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். அப்புறம் ஏபிஎன் அமைப்பை, அதாவது போன் எந்த வாசல் வழியாக நெட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம் சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடச் சொல்கிறார்கள். எல்லாம் செய்தாயிற்று. பேசுகிறவர்கள் மரியாதையானவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டவரை நடத்துவது வேறொரு நிறுவனம், அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கும் வசதியே இவர்கள் கையில் இருப்பதில்லை. புகார் எண் ஒன்று தருவார்கள், சில நாளில் "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும், அன்று மாலையும் நெட் வராது.

கடைசியில் நானே சோதித்துப் பார்த்தேன். என் போனில் இரண்டு சிம் போடலாம். டவர்க்காரப் பெரிய நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டேன். எந்த டவரின் எந்தப் பிரிவோடு சிம் இணைந்திருக்கிறது, சிக்னல் எத்தனை டிபிஎம் என்றெல்லாம் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. டிபிஎம் என்பது சிக்னல் வலிமையை அளக்கும் அலகு. மைனஸ் 85 அளவில் இருந்தால் நல்ல சிக்னல், மைனஸ் 115க்கும் கீழே போனால் தடுமாறும். இரண்டு சிம்மும் ஒரே டவர், ஒரே பிரிவு, ஏறக்குறைய ஒரே அளவு சிக்னல். மொபைல் டேட்டாவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். பெரிய நிறுவனத்தின் சிம்மில் வீடியோ ஓடியது. என் சிம்மில் எழுத்து மட்டும் உள்ள பக்கம்கூட வரவில்லை. ஒரே போன், ஒரே நாற்காலி, ஒரே மாலை.

காரணம் தெரிந்தால் கோபம் குறையும் என்பார்கள், எனக்குக் கூடியது. 4ஜி டவர் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒருமுறை, அலைவரிசையில் அடுத்த பங்கு யாருக்கு என்று முடிவெடுக்கிறது. போய்வரும் தகவலுக்கெல்லாம் ஒரு வகுப்பு எண் உண்டு, க்யூசிஐ என்று பெயர். குரல் அழைப்புக்கு எண் 1, அதற்குத் தனி உத்தரவாதம் இருக்கிறது. சாதாரண இணையப் பயன்பாடு பெரும்பாலும் 8, 9 என்ற கடைசி எண்களில் வரும். 9ஐவிட 8க்கு முன்னுரிமை அதிகம். டவர்க்கார நிறுவனம் தன் நேரடி வாடிக்கையாளருக்கு முன்னுரிமை அதிகமான எண்ணையும், மொத்த விலைக்கு விற்ற இணைப்புகளுக்குக் கடைசி எண்ணையும் கொடுக்கலாம். கூட்டமில்லாதபோது எல்லோருக்கும் போதுமான இடம் இருப்பதால் வித்தியாசமே தெரியாது. கூட்டம் சேர்ந்ததும் கடைசி எண்காரர் காத்திருக்க வேண்டியதுதான். அம்மாவோடு பேசும்போது குரல் கணீரென்று வருவதும், அதே நிமிடம் அவருக்குப் போட்டோ அனுப்ப முடியாமல் போவதும் இதனால்தான்.

விலை குறைவு என்றால் ஏதோ ஒன்று குறையத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொள்கிறேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து எல்லா நேரமும் தந்தால்கூடச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். ஆனால் இந்தக் குறை எனக்குத் தேவையே இல்லாத நேரத்தில் ஒளிந்துகொண்டு, தேவையான நேரத்தில் மட்டும் வெளியே வருகிறது. வெளியில், கூட்டத்தில், அவசரத்தில் இருக்கும்போதுதானே மொபைல் டேட்டா வேண்டும்? வீட்டில் வைஃபை இருக்கிறது. சராசரி வேகம் இவ்வளவு என்று விளம்பரத்தில் போடும் எண்ணில் நள்ளிரவு வேகமும் சேர்ந்துதான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் காட்ட முடியாது. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். விதிமுறைகளின் அடியில் "நெரிசல் நேரத்தில் வேகம் குறையலாம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். வேகம் குறைவது வேறு, அடியோடு நிற்பது வேறு. என் பிளானுக்கு எந்த வகுப்பு என்று நேரடியாகக் கேட்டேன், பதில் தரவில்லை. விற்கும்போதே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

எல்லா மலிவு நிறுவனமும் இப்படி இல்லை. சிலர் கூடுதல் பணம் கொடுத்து மேல் வகுப்பை வாங்கித் தருகிறார்கள், சிலர் விலை அதிகமான பிளானில் மட்டும் தருகிறார்கள். அதனால் மாற நினைப்பவர்கள் ஜிபியைக் கேட்பதற்கு முன் எந்த வகுப்பு என்று கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த எண் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒதுக்கீடு முடிந்ததும் 128 கேபிபிஎஸ் என்று போட்டிருந்தால், 2 எம்பி உள்ள ஒரு சாதாரண இணையப் பக்கம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி போகும், அவ்வளவுதான். உங்கள் போன் அந்த வலையமைப்பின் அலைவரிசைகளை ஆதரிக்கிறதா என்பதும் முக்கியம். 700, 800 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான தாழ்ந்த அலைவரிசைகள்தான் சுவரைத் தாண்டி உள்ளறை வரை நன்றாக வரும். போனில் அது இல்லாவிட்டால் எந்த சிம் போட்டாலும் உள்ளறையில் தடுமாறலாம். பெரிய நிறுவனம் தன் டவர் இல்லாத பகுதிகளில் வேறு நிறுவனத்தோடு ரோமிங் ஒப்பந்தம் போட்டிருந்தாலும், அது மலிவு சிம்முக்கும் சேருமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவசர அழைப்பு மட்டும் பல நாடுகளில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் போகும்.

எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போவதாக, அதாவது போர்ட் செய்வதாக இருந்தால் பழைய இணைப்பை நீங்களாகவே ரத்து செய்துவிடாதீர்கள். அது உயிரோடு இருந்தால்தான் எண் புது நிறுவனத்துக்குப் போகும். மாறுகிற அன்று வங்கி ஓடிபி தாமதமாகலாம், அதனால் பெரிய பணப் பரிமாற்றம் எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

நண்பரைப் பொறுத்தவரை, அவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், வெளியே போவது குறைவு, அழைப்புதான் அதிகம். அவருக்கு இந்த சிம் அருமையாகப் பொருந்தும். வாங்கச் சொல்லிவிட்டேன். மனதாரத்தான் சொன்னேன்.

நான் வெளியேறுகிறேன். பணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதிலேயே இருப்பதுதான் லாபம், புதுக் குறைந்த விலையில் இன்னும் லாபம். அந்தக் கணக்கைப் போட்டும் பார்த்துவிட்டேன். ஆனால் நேற்று மாலையும் நெரிசலில் நின்றுகொண்டு, நிறைந்த சிக்னலைப் பார்த்தபடி, வராத வரைபடத்துக்காகக் காத்திருந்தேன். வழி கேட்டு வீடு வந்து சேர்ந்ததும் போர்ட் கோரிக்கையைக் கொடுத்துவிட்டேன். இனி மாதம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். இவர்கள் விலையை இன்னும் பாதியாக்கினாலும் நான் திரும்பி வருவதாக இல்லை.