இரண்டு வருடம் லொறியில் என்னோடு ஓடிய கொலர் மைக்

மைக்கின் சார்ஜ் பெட்டியில் பின் உடைந்து, ரிப்பேர் பண்ணி நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதே நேரம், லொறி ஓட்டும் இன்னொரு தம்பி போன் எடுத்து, “நானும் உங்களைப் போல வீடியோ சனல் தொடங்கப் போறேன், எந்தக் கமரா வாங்கலாம் அண்ணா?” என்று கேட்டான். கையில் இருக்கும் போனே போதும், காசை மைக்கில் போடு என்றேன்.

தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி, குருநாகல் வழியாக விடியுமுன் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வருவது என் ஓட்டம். ஏசி இல்லை, கண்ணாடியை ஏற்ற முடியாது. ஓடிக்கொண்டே பேசும் வீடியோக்களை ஆரம்பத்தில் போனிலேயே பதிந்தேன். மன்னாரிலிருந்து அம்மா, “வாய் அசையுது, என்ன சொல்றாய் எண்டு விளங்கேல்லையடா” என்பார்.

கொலர் மைக் வந்த அன்றே அது மாறிவிட்டது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்தான் தூரம். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது அதன் உறுமல் 50 ஹேர்ட்ஸில் (வினாடிக்கு 50 அதிர்வு) விழும், 2,400 சுற்றில் 80இல். அடிச்சத்தத்தை வெட்டும் ‘லோ கட்’ வசதியை 100இல் வைத்தேன். உறுமல் அடங்கியது, குரலில் ஒன்றும் குறையவில்லை. சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ‘ஓட்டோ கெய்ன்’ வசதியையும் நிறுத்திவிடுங்கள். நாம் வாயை மூடினால் அது எஞ்சின் சத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும். இடது கொலரில்தான் குத்த வேண்டும்: பெல்ட் வலது தோளால் இறங்குகிறது, காற்றும் வலது ஜன்னலால் வருகிறது.



ஆனால் அந்த ரோமத் தொப்பி! காற்றைத் தடுக்க மைக்குக்குப் போடுவது. பிடிமானமே கிடையாது. இடது கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினால் தாடை உரசும், கழன்று விழும். ஒருநாள் கலேவெல தாண்டியதும் விழுந்து கிளச்சுக்கு அடியில் உருண்டது. ஓடுகிற லொறியில் குனிந்து தேடுவதா? குருநாகலில் நிறுத்தும் வரை பேசியதெல்லாம் வெறும் காற்றிரைச்சல். அன்று சொல்லிக்கொண்டு வந்தது அப்பா இதே ரோட்டில் லொறி ஓட்டிய கதை. பிறகு திரும்பவும் சொல்லிப் பதிந்தேன். அப்படி வரவில்லை.

வாங்கிய கடையில் தொப்பி தனியாகக் கிடைக்காதாம், முழு செட்டும் வாங்கட்டாம். அதற்கும் எத்தனையோ நாள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கினேன். கடைசியில் மனைவி கறுப்பு நூலால் கிளிப்போடு சேர்த்துத் தைத்துத் தந்தாள். அன்றிலிருந்து விழவில்லை.

சத்தத்துக்கு இந்த மைக்கைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருட வெயிலையும் தூசியையும் தாங்கியது. இருந்தும் தம்பிக்கு நேற்றிரவு சொன்னது இதுதான்: இதை வாங்காதே. வேறு எதை வாங்கப் போனாலும் கடையிலேயே தொப்பியைப் போட்டு விரலால் இழுத்துப் பார், கழன்று வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா.