விதிப்புத்தகமா, விளைவா? கையெழுத்துப் போட்ட பிறகு எது நிற்கிறது

பொறியாளருக்கு அறம் எங்கிருந்து வரவேண்டும்? ஒரு பக்கம் நெறிமுறை விதிகள்: மக்கள் பாதுகாப்பே முதலில், தெரியாத வேலையில் கையெழுத்துப் போடாதே. இன்னொரு பக்கம் ஜான் டூயி போன்ற அமெரிக்கச் சிந்தனையாளர்களின் நடைமுறைவாதம். 'காரியம் ஆனால் சரி' என்று அதற்கு அர்த்தமில்லை. விதியும் ஒரு கருவிதான், அதன்படி நடந்த பிறகு என்ன ஆனது என்று பார், பார்த்துத் திருத்து என்பதுதான் அது. நான் இந்தப் பக்கம்.

விதியின் பலம் தெரிந்ததுதான், புதிதாக வேலைக்கு வந்தவர் முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்ல அது ஒரு பிடி. ஆனால் கையெழுத்தோடு விதியின் வேலை முடிந்துவிடுகிறது. பொறியாளராக நான் ஒரு வீட்டில் கம்பி, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சு) எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு, கான்கிரீட்டும் போட்டாயிற்று. அப்புறம் வேறு வேலையாகப் போனபோது பார்த்தால், கழிவுநீர்க் குழாய்க்காக ஒரு பீமைக் கொத்தி, பாரத்தைத் தாங்கும் அடிக்கம்பியையும் அறுத்திருக்கிறார்கள். என் தாளில் ஒரு தப்பும் இல்லை. முட்டுக் கொடுக்கச் சொல்லி, வேலையை நிறுத்தி, வீட்டுக்காரரிடம் பேசினேன். அன்றிலிருந்து பிளம்பிங் முடிந்ததும் ஒருமுறை போய்ப் பார்க்காமல் எந்த வேலையையும் முடித்ததாக நான் கணக்கில் வைப்பதில்லை.

நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடமும் இப்படித்தான். சுவருக்கு நேராக அடிக்கும் காற்றுக்குக் கணக்குப் போட்டால் போதும் என்பது அன்றைய நகர விதி. 1978-இல் மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பிறகு அதன் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெசூரியர் மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டார். பற்றவைப்பதற்குப் பதில் போல்ட் போட்டிருந்த இணைப்புகள் போதாது என்று தெரிந்தது. கட்டடம் திறந்து ஆள் நடமாட்டம் வந்துவிட்டிருந்தும், தானே போய் உரிமையாளரிடம் சொன்னார். இரவு இரவாக எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள்.

ஆனால் ஆபத்தின் அளவு 1995 வரை பொதுமக்களுக்குத் தெரியாது. பீதி வேண்டாம் என்பதும் விளைவைப் பார்த்துப் போட்ட கணக்குதான், அதில் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தில் 'மக்கள் பாதுகாப்பே முதலில்' என்ற விதிதான் சரி, அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, என் அனுபவம் நாலைந்து மாடி வரைதான். அணையிலும் அணு உலையிலும் 'பார்த்துத் திருத்தலாம்' என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வராது.