ரோஸ் ஹில்லில் மூன்று சனிக்கிழமைகள்: ஒரு நேர்காணல் பயிற்சி வகுப்பு

மொரீஷியஸின் கிராண்ட் பேயில் ஒரு விடுதியின் வரவேற்புப் பகுதியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அலுவலகங்கள் நிறைந்த எபேன் பகுதியின் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிய எனக்கு, முதல் இரண்டு நேர்காணல்களிலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற இடத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே, ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள ஒரு பயிற்சி வகுப்பில் 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். மூன்று சனிக்கிழமைக் காலைகள். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர்.

முதல் நாள் ஏறக்குறைய வீண். கேள்விகளும் அவற்றுக்கான 'சிறந்த' விடைகளும் அச்சிட்ட ஒரு கையேட்டைத் தந்து, உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பலவீனம் என்ன என்று கேட்டால், எதையும் குறையில்லாமல் முடிக்க நினைப்பதே என் பலவீனம் என்று சொல்ல வேண்டுமாம். பதினொரு பேரும் ஒரே அலுவலகத்துக்குப் போய் அதையே சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? கோயில் மாலை வகுப்பில் தேவாரம் ஒப்பித்துப் பழகிய எனக்கு மனப்பாடம் எளிதுதான். ஆனால் ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் வராது என்பதும் அங்கே கற்றதுதான்.

இரண்டாம் நாளுக்காக மட்டுமே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு படிகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் முறையை, ஆங்கிலத்தில் 'ஸ்டார்' என்று சுருக்கிச் சொல்வதை, பயிற்றுநர் அம்மையார் எங்கள் சொந்தக் கதைகளைக் கொண்டே பழக்கினார். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டுப் பேருந்துகள் நின்று, அடுத்த ஷிப்டுக்கு ஆள் வர முடியாமல், விமானம் ரத்தான விருந்தினர்கள் மேசையை மொய்த்த ஓர் இரவை நான் விவரித்தேன். முடித்ததும், 'நாங்கள்' என்று ஏழு முறை சொன்னீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். 'நான் செய்தேன்' என்பது நம் வீடுகளில் தற்பெருமையாகவே ஒலிக்கும். அந்தக் கூச்சத்தைத் தாண்ட எனக்கு நான்கு ஒத்திகைகள் தேவைப்பட்டன. கடைசியில் விளைவையும் எண்ணோடு சொன்னேன்: 28 விருந்தினரின் பயண மாற்றங்களை ஒரே தாளில் வரிசைப்படுத்தி, விடிவதற்குள் எல்லாருக்கும் பதில் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் மாதிரி நேர்காணல். ஆங்கிலத்தில் தொடங்கி, முன்னறிவிப்பின்றிப் பிரெஞ்சுக்குத் தாவினார்கள்; நம் தீவில் நடப்பதும் அதுதான். பிரெஞ்சில் 'நான்' எனப் பொருள்படும் 'ஜெ' என்று தொடங்க வேண்டிய என் வாக்கியம், தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதே பொருள் தரும் 'மோ'வில் போய் விழுந்தது. கையேடு முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பது இதனால்தான் பெருங்குறையாகப் படுகிறது. சம்பள எதிர்பார்ப்பைக் கேட்டால் மாத அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், சட்டப்படி வரும் ஆண்டிறுதி போனஸை அதோடு கலக்கக்கூடாது என்ற அறிவுரை பயனுள்ளது.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. திருமணம் எப்போது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுங்கள் என்று பெண்களுக்குச் சொன்னார்கள். நழுவுவது சமயோசிதமாக இருக்கலாம். ஆயினும் 2008ஆம் ஆண்டின் சம வாய்ப்புச் சட்டம், திருமண நிலை, இனம், சாதி முதலியவற்றைக் காரணமாக வைத்து வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது என்பதையாவது, பணம் கட்டி வந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

மாதிரி நேர்காணலின் ஒளிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள்; மூன்று வாரமாகியும் வரவில்லை. ஹெச்.எஸ்.சி. முடித்துவிட்டு முதல் வேலை தேடும் என் தங்கையை இரண்டாம், மூன்றாம் நாள்களுக்கு மட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அப்படித் தனிக் கட்டணம் இல்லையாம். முழுத் தொகையையும் கட்டியே அனுப்பப்போகிறேன், கையேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி.