புது ஆட்களைப் பழக வைக்க எந்த விளையாட்டு?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புதுசாகச் சேர்ந்த 30 பேரை ஒரு ஹாலில் உட்கார வைத்தால் வழக்கமாக நடப்பது, "ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேர், ஊர் சொல்லுங்க" என்பதுதான். வெட்டி வேலை. தன் முறை நெருங்க நெருங்க, பக்கத்து ஆள் சொல்வது காதில் ஏறாது. மால்கம் பிரென்னர் என்ற உளவியல் ஆய்வாளர் 1973-இலேயே, ஆட்களைச் சுற்றி உட்கார வைத்து வரிசையாகச் சொற்களை வாசிக்கச் சொல்லி, இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். அதனால் நான் முதலில் பார்ப்பது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்பதைத்தான்.

பெயர்ச் சங்கிலியில், முன்னால் இருப்பவர்கள் பேரையெல்லாம் சொல்லிவிட்டுத் தன் பேரைச் சொல்ல வேண்டும். 10, 12 பேர் என்றால் பேர் நன்றாகவே மனசில் நிற்கும். 30 பேர் என்றால் கடைசி ஆள் 29 பேரைச் சொல்லணும். பாதியில் பாத்ரூமுக்கு எழுந்து போய்விடுவார்.

கை கோத்து முடிச்சுப் போட்டு அவிழ்க்கும் விளையாட்டு கல்லூரிப் பையன்களுக்குச் சரி. சேலை கட்டிய அக்காமார்களும் ஆண்களும் கலந்திருக்கும் இடத்தில் வேண்டாம்.

உண்மையான போட்டி 'இரண்டு உண்மை, ஒரு பொய்' விளையாட்டுக்கும் ஆள் தேடும் பிங்கோவுக்கும்தான். முதலாவதில் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்லணும், எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கணும். ஏற்கெனவே பழகியவர்களிடம் இது களைகட்டும். மகளிர் குழுவில் ஒரு அக்கா, "புல்லட் ஓட்டுவேன், கிணத்துல குதிச்சு நீச்சல் பழகினேன், காபியே குடிச்சதில்ல" என்று சொல்லட்டும். எல்லோரும் புல்லட்டைத்தான் பொய் என்பார்கள். பொய் காபி என்று தெரிந்ததும் வருமே ஒரு சிரிப்பு! ஆனால் புது ஆட்களிடம் இது எடுபடாது. கூச்சத்தில் "எனக்கு ரெண்டு தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தவிர, ஆளுக்கு 2 நிமிடம் என்றாலும் 30 பேருக்கு ஒரு மணி நேரம்.

புதுக் கூட்டத்துக்கு என் ஓட்டு ஆள் தேடும் பிங்கோவுக்கு. தாளில் 16 கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஆளைத் தேடிக் கையெழுத்து வாங்கணும், ஒருவரிடம் ஒன்றுதான். 20 நிமிடம் ஹாலே சந்தைக்கடையாகிவிடும். 'வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவிலும் தூங்கியவர்', 'அரிசிம்பருப்பு சாதம் வைக்கத் தெரிந்தவர்', 'தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவர்' என்று நம் ஊருக்கு ஏற்ற மாதிரி எழுதுங்கள். நெட்டில் கிடைக்கும் தாளில் 'பனியில் சறுக்கியவர்' என்றெல்லாம் இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. நம் பக்கம் "எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்தால், "அங்க யாரு வீடு?" என்று போய் மூன்றாவது கேள்வியில் சாதிக்கு வந்து நிற்கும். பிங்கோ கேட்பது நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அல்ல, என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை. ஒடிசா, பீகார்க்காரர்கள் இருந்தால் கட்டங்களில் படமும் போட்டுவிடுங்கள். 'இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்' என்று ஒரு கட்டம் வைத்தால் ஓரமாக நிற்கும் அவர்களைத்தான் எல்லோரும் தேடி ஓடுவார்கள்.

அப்புறம், பேனாவைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுங்கள். இரவல் கேட்கவாவது இன்னொருத்தரிடம் பேசித்தானே ஆகணும்.