காரைக்குடி பழைய சாமான் தெருவுல வாங்குன பித்தளை மோர்ஸ் கீ, எப்படி இருக்கு?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா பழைய சாமான் கடைங்க இருக்குல்ல, அதுல ஒரு கடையில எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், இடிச்ச வீட்டுக் கதவுன்னு குமிஞ்சு கெடக்குறதுக்கு நடுவுல தேக்குப் பலகை மேல பித்தளையில ஒரு மோர்ஸ் கீ, அதாவது புள்ளியும் கோடுமா தந்தி அடிக்கிற கட்டை, கெடச்சுச்சு. கடைக்கார அண்ணன் "தம்பி, வெள்ளக்காரன் காலத்து ரயில்வே சாமான், நாலாயிரம்"னாரு. முத்திரையோ நம்பரோ எதுவும் இல்ல, கதைக்கெல்லாம் காசு குடுக்க முடியாதுண்ணேன்னு பேசிப் பேசி 2600க்கு முடிச்சேன். மனுஷன் டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான் பேரம் பேசுறாரு, அதனால கோவமும் பட முடியல.

ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறதுக்கான லைசென்ஸ், எடுக்கணுமேன்னு இத வாங்குறதா இருந்தா வேணாம். 2003ல ஜெனீவாவுல நடந்த உலக ரேடியோ மாநாட்டுலயே 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற அலைவரிசையில பேசணும்னா மோர்ஸ் கட்டாயம்ங்கிறத எடுத்துட்டு, அந்தந்த நாடு முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டாங்க. இங்கிலாந்து அந்த வருஷமே எடுத்துடுச்சு, அமெரிக்கா 2007 பிப்ரவரியில. நம்ம ஊர்ல கீழ்நிலை லைசென்ஸான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் டெஸ்ட் இல்ல, அதுக்கு மேல இருக்குற ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தைன்னு வச்சிருக்காங்க, அப்ளை பண்றப்ப இப்போதைய விதி என்னன்னு ஒரு தடவை பாத்துக்கங்க. அதுக்குக்கூட போன்ல ஒரு ஆப் போதும், மொதல்ல காதுக்குத்தான் பழக்கம் வேணும், கை தன்னால வரும்.

மோர்ஸ் டெஸ்ட் கட்டாயமில்லன்னு ஆனதுல ஹாமோட தரமே போச்சுன்னு பொலம்புற பெருசுங்க நெறைய பேரு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கப்பல்காரங்களே 1999 பிப்ரவரியோட மோர்ஸ விட்டுட்டு சேட்டிலைட்டுக்குப் போயிட்டாங்க, அப்புறம் கரண்ட் சர்க்யூட்டெல்லாம் நல்லாத் தெரிஞ்ச பையன டிட் டா (புள்ளி, கோடு) தெரியலன்னு வாசல்லயே நிறுத்துனா எப்படி? இப்ப கத்துக்குறவன் புடிச்சுக் கத்துக்குறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கீக்கு வருவோம். இது வெறும் சுவிட்ச்தான், ரெண்டு வயர இழுத்து ரேடியோ செட்டுல இருக்குற கீ ஜாக்குல குடுத்தா வேலை முடிஞ்சுது. ஸ்பிரிங் இறுக்கத்துக்கு ஒரு திருகு, இடைவெளிக்கு ஒரு திருகு, ரெண்டும் துருவில்லாம சுத்துச்சு. பித்தளைய வீட்டுல ஆச்சி புளி போட்டுத் தேச்சுக் குடுத்தாங்க, ஆனா காண்டாக்ட் முனையில புளி படவே கூடாது, அங்க வெறும் பேப்பர நடுவுல வச்சு மெதுவா அழுத்தி இழுத்தா அழுக்கு வந்துடும். உப்புத்தாள் போடாதீங்க, முனை போயிரும்.

கை வெயிட்டு நல்லாருக்கு, அடிச்சா பலகை நகரல. ஆன்லைன்ல வாங்குன பிளாஸ்டிக் கீ ஒண்ணு இருக்கு, அது ஒவ்வொரு டா-வுக்கும் மேசைய விட்டுக் கெளம்பும். 8 வார்த்தை வேகத்துல ஒரு புள்ளிக்கு 150 மில்லி செகண்டு, கோடு அதுக்கு மூணு மடங்கு, அந்த நெதானத்துக்கு இது அருமை. 20 வார்த்தைக்கு மேல போனா மணிக்கட்டு வலிக்குது, அந்த வேகம் வேணும்னா பக்கவாட்டுல தட்டுற பேடில் வாங்கிக்கங்க.

நம்மூர் வீட்டுல இதுக்கு இன்னொரு வசதி, 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் கம்பி வேணும், இந்தத் தெருவுல இருந்து அடுத்த தெரு வரைக்கும் ஓடுற வீட்டுல மாடியில கட்டுறதுக்கு எடம் தேடவே வேண்டியதில்ல. 5 வாட்டுல பேசுனா காதுல விழாத தூரத்துக்குக் கூட மோர்ஸ் போயிடும், ஏன்னா பேச்சுக்கு ரெண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலம் வேணும், இதுக்கு எரநூறு ஹெர்ட்ஸ் கூட வேணாம். ரங்கூனுக்குப் போன அந்தக் காலத்து செட்டியாருங்க வீட்டுக்கு அவசரச் சேதி தந்தியிலதான் வந்துச்சு, இப்ப நான் சும்மா பொழுதுபோக்குக்கு அடிக்கிறேன்.

கீக்கு 5க்கு 4. கடைக்கு 3தான், பில் கேட்டா சிரிக்கிறாங்க, வாங்குனத திருப்பி எடுக்க மாட்டாங்க, அதனால மல்டிமீட்டர் கொண்டுபோய் அழுத்துனா கன்டினியூட்டி வருதான்னு, அதாவது முனை ரெண்டும் சேந்து கரண்ட் ஓடுதான்னு, கடையிலயே பாத்துருங்க. இதே மாதிரி இன்னொன்னு கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கு, பலகை விரிசல், ஸ்பிரிங்கும் இல்ல, ஆயிரத்தைநூறுக்கு மேல கேட்டா விட்டுட்டு வந்துருங்க.