பியரோகி கேசரோலா, கோஸ் கேசரோலா?

கேசரோல்னா எல்லாத்தையும் அடுக்கி ஓவன்ல வேக வைக்குறது. ரெண்டுமே போலந்து ஸ்டைல்ல வயிறு நெறையுற ஐட்டம்தான், ஆனா வேலை வேற வேற. கோஸ் கேசரோலுக்கு மூலம் கோவொம்ப்கி, அதாவது கோஸ் இலைக்குள்ள அரிசியும் கொத்துக்கறியும் வச்சு சுருட்டுறது, பேருக்கு அர்த்தம் குட்டிப் புறா (உள்ள புறா கிடையாது, பயப்படாதீங்க). கேசரோலா பண்ணா சுருட்டுற தொல்லையே இல்ல, கோஸை நறுக்கி, அரைவேக்காட்டு சோறு, கறி, தக்காளி சாஸ்னு அடுக்கி மூடி 180 டிகிரில ஒரு மணி நேரம் விட்டா போதும், மறுநாள் சூடு பண்ணி சாப்பிட்டா இன்னும் டேஸ்ட்.

பியரோகின்னா மாவுக்குள்ள பூரணம் வச்ச கொழுக்கட்டை மாதிரி. அதை கேசரோலா பண்ணா மாவு தேய்க்குறதுக்கு பதிலா லசான்யா ஷீட் (பட்டையான பாஸ்தா), நடுவுல மசிச்ச உருளைக்கிழங்கும் த்வாருக் சீஸும், மேல வெண்ணெய்ல செவக்க வதக்குன வெங்காயம். வெங்காயத்துல அவசரப்பட்டா மொத்தமும் சப்புன்னு போயிடும். த்வாருக் இல்லன்னா பனீரை உதிர்த்து கொஞ்சம் புளிச்ச தயிர் சேத்துக்கலாம்.

வார நாள்ல எனக்கு பியரோகிதான், அரை மணி நேரம் ஓவன்ல இருந்தா முடிஞ்சிரும், கறி வாங்கவும் ஓட வேணாம்.