‘புல்லட்டுக்கு அப்படியே பொருந்தும்’ கஃபே ரேசர் கிட்: பணம் அனுப்புமுன் இதைப் படியுங்கள்

பழைய புல்லட்டை வீட்டிலேயே கஃபே ரேசராக, அதாவது ஹேண்டில் தாழ்ந்து கால் வைக்கும் இடம் பின்தள்ளிய பழைய பாணி வேக வண்டியாக, மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘முழு கிட், வெட்டு ஒட்டு எதுவும் வேண்டாம், ஸ்பேனர் மட்டும் இருந்தால் போதும்’ என்ற விளம்பரத்தோடு சமூக வலைத்தளத்தில் ஒருவர் உதிரிபாகத் தொகுப்பு விற்கிறார். 36,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்ததில் ஒன்றுகூட என் வண்டிக்குப் பொருந்தவில்லை. வெறும் பொருத்தக் கோளாறு என்றால் தொலைந்தது பணம் என்று விட்டிருப்பேன். அவற்றில் மூன்று பொருட்கள் ஆளையே சாய்க்கக்கூடியவை.

வண்டி 1994ஆம் ஆண்டு புல்லட் 350. வார்ப்பிரும்பு எஞ்சின், நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், கிக்கரும் வலது பக்கமே. இந்தத் தகவல்கள் எல்லாவற்றையும் படங்களோடு விற்பனையாளருக்கு அனுப்பியிருந்தேன். “நூறு வண்டிக்குப் போட்டிருக்கிறோம் அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம்” என்றார்.

கஃபே ரேசர் என்பதே புல்லட்டுக்கு அந்நியமான ஒன்றல்ல. 1950களிலும் 60களிலும் லண்டன் ஏஸ் கஃபே போன்ற சாலையோரக் கடைகளில் கூடிய இளைஞர்கள் தங்கள் டிரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் வண்டிகளில் ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தைப் பின்னால் தள்ளி, தேவையற்றதைக் கழற்றி எறிந்து ஓட்டினார்கள். ராயல் என்ஃபீல்டே அந்த அலையைப் பார்த்து கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டியை 60களின் நடுவில் இங்கிலாந்தில் விற்றது. ஆகவே ஆசையில் தவறில்லை. அதை வைத்து நடக்கும் வியாபாரம்தான் சரியில்லை.

நான் கேட்டது இவை: ஃபோர்க் குழாய்களிலேயே (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்கள்) கவ்விப் பூட்டும் தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில், கால்வைப்பு, பிரேக் மிதி, கியர் லீவர் ஆகியவற்றைப் பின்னால் தள்ளும் ரியர் செட், தகட்டு டேங்க், இருவர் உட்காரும் தட்டை சீட், அந்த சீட்டைத் தாங்கப் பின்புறம் பூட்டும் வளைகுழாய். பாதிப் பணம் முன்பணம், மீதி அனுப்புமுன். பில் கேட்டேன். ‘பில் வேண்டுமென்றால் வரி தனி’ என்று பதில் வந்தது. பணம் போன யுபிஐ கணக்கு, விளம்பரம் வந்த அந்தச் சமூக வலைத்தளப் பக்கத்தின் பெயரில் இல்லை. யாரோ ஒரு தனிநபர் பெயரில் இருந்தது.

பார்சல் லாரி அலுவலகத்தில் வாடகையைக் கட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியைத் தொடவே விடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்ததை முதலிலிருந்து கடைசிவரை கைப்பேசியில் படம் பிடித்தேன்.

முதலில் ரியர் செட். பிரேக் மிதி வலது பக்கத்துக்கு, கியர் லீவர் இடது பக்கத்துக்கு! அதாவது இடது கியர் உள்ள பிற்கால புல்லட்டுக்கானது. மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம் என்றால், வலது பக்கத் தகடு கிக்கர் இறங்கும் பாதையிலேயே நிற்கிறது. பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. லீவரைத் திருப்பிப் போட்டால் இந்த வரிசையும் தலைகீழாகும். இதைப் பற்றி எந்தச் சிந்தனையும் இல்லாமல் அலமாரியில் இருந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது கிளிப்-ஆன். பழைய புல்லட்டின் முன்புறத்தைக் கழற்றியவர்களுக்குத் தெரியும்: ஹெட்லைட்டைச் சுமக்கும் அந்தப் பெரிய வார்ப்பு வெறும் மூடி அல்ல, ஃபோர்க் குழாய்கள் இரண்டின் தலையையும் பிடித்திருப்பதே அதுதான். கிளிப்-ஆனை ஒழுங்காகப் பூட்ட அதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் குழாய்களைப் பிடிக்க வேறு மேல் தட்டு வேண்டும். அந்தத் தட்டு பெட்டியில் இல்லை. ‘ஸ்பேனர் மட்டும் போதும்’ என்ற வாக்கு அங்கேயே பொய்யாகிவிட்டது. அதைவிட மோசம், என் வண்டியின் ஃபோர்க் குழாய் விட்டம் 35 மி.மீ., வந்த கிளிப்-ஆனின் உள்விட்டம் 37. இடைவெளியை நிரப்ப, வெட்டிச் சுருட்டிய இரண்டு தகரத் துண்டுகளைப் பாலித்தீன் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதாவது, அளவு தவறு என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் கைகளில் இறங்கும். அந்த நேரத்தில் ஒரு பக்க ஹேண்டில் தகரத்தின் மேல் வழுக்கித் திரும்பினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வளைகுழாய் கதைதான் எல்லாவற்றுக்கும் மேல். போல்ட் போட்டுப் பூட்டலாம் என்று சொன்ன குழாயின் இரு முனைகளும் மொட்டையாக இருந்தன; வெல்டிங் செய்யாமல் அதை வண்டியில் நிறுத்தவே முடியாது. திருச்சியில் நல்ல வெல்டருக்குப் பஞ்சமில்லை, பாய்லர் குழாய்களை ஒட்டி ஒட்டியே வளர்ந்த ஊர். துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகப் பட்டறையில் பல காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிய உடனே எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். முனையில் ரம்பத்தால் சிறு துண்டு வெட்டி, வெர்னியர் அளவுகோலை வைத்துக் குழாய்ச் சுவரின் தடிமனைக் காட்டினார். 2.5 மி.மீ. சீம்லெஸ் (ஒட்டுக்கோடு இல்லாத குழாய்) என்று எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அளவில் வந்தது 1.2. டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். தகட்டைச் சுருட்டி ஒட்டிய கோடு நீளவாக்கில் தெளிவாக ஓடியது. மேலிருந்த கறுப்புப் பெயிண்டைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்தார். கீழே துத்தநாகப் பூச்சு வெளுத்துத் தெரிந்தது.

“தம்பி, இது பந்தல் போடுகிற குழாய்” என்றார்.

வெட்டிய துண்டின் மேல் ஒரு நொடி ஆர்க் கொடுத்துக் காட்டினார். படபடவென்று தெறித்து வெள்ளைப் புகை எழுந்தது. ஒட்டிய இடத்தைச் சுற்றிலும் வெள்ளைத் தூள் படிந்தது. வெல்டிங் பட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னத் துளைகள். துத்தநாகம் ஆவியாகி வெல்டுக்குள் மாட்டிக்கொள்வதால் வரும் துளைகள் அவை. அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வேறு வரும். “இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடையில் ஏறினால் போதும்” என்று சொல்லிக் குழாயை என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

டேங்க் பற்றியும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுவது மிக எளிது. தகட்டு டேங்க் என்று பணம் வாங்கிவிட்டு, கண்ணாடி இழையை ரெசின் பசையில் தோய்த்துச் செய்யும் ஃபைபர் டேங்க் அனுப்பியிருந்தார்கள். காந்தத்தை வைத்தேன், எங்கும் ஒட்டவில்லை. கேட்டதற்கு, “ரேஸ் வண்டிக்கெல்லாம் ஃபைபர்தான் சார்” என்றார். பணம் போகும்வரை நான் அண்ணாவாக இருந்தேன், புகார் சொன்னதும் சாராகிவிட்டேன். 60களில் இங்கிலாந்தில் ஃபைபர் டேங்க் பூட்டினார்கள் என்பது உண்மைதான். இன்று நம் பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். மலிவான ஃபைபர் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினை எத்தனால் இளக்கிவிடும். சோதிப்பதற்காக டேங்கை வண்டியில் ஏற்றாமல், வெளியே நிழலில் வைத்துக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி மூடி வைத்தேன். சில நாள் கழித்துத் திறந்தபோது பெட்ரோல் வாசனையை மீறி ரெசின் வாடை அடித்தது. கழுத்தின் உள்விளிம்பைத் தொட்ட விரல், காயாத வார்னிஷைத் தொட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். பழுப்பு நிறத்தில் கோழை போன்ற பசை தங்கியது. இது ஓடும் வண்டியில் நடந்திருந்தால் அந்தப் பசை கார்புரேட்டருக்கு இறங்கி பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசியைப் பிடித்து நிறுத்தும். ஊசி மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் சொட்டும். டேங்கின் அடிப்பகுதியே இளகிக் கசிந்தால் சொல்லவே வேண்டாம்.

சீட் பற்றி ஒரு வரி போதும்: இருவர் சீட்டுக்குப் பதில் பின்னால் திமில்போல் எழும்பிய ஒருவர் சீட், ரெக்சினுக்கு அடியில் ப்ளைவுட்.

ஆனால் அந்த ஒற்றை சீட்டில் வேறொரு வம்பு இருக்கிறது. தொகுப்போடு ‘ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றது’ என்று அச்சிட்ட பளபளப்பான அட்டை ஒன்றும் வருகிறது. அப்படி ஓர் அங்கீகாரத்தை உதிரிபாக வியாபாரி அட்டையில் அச்சடித்துக் கொடுக்க முடியாது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கை எண்ணிக்கை இரண்டு என்று இருக்கும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பிடிபடுவது அட்டை அச்சடித்தவர் அல்ல, வண்டியின் உரிமையாளர். 15 ஆண்டு கடந்த வண்டியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நான் சேசிஸை வெட்டாத தொகுப்பையும் இருவர் சீட்டையும் தேடியதற்கு இதுவே காரணம். விற்பனையாளரிடம் இந்தக் காரணத்தையும் சொல்லியிருந்தேன்.

படங்கள், வெர்னியர் அளவு, பிரித்த காணொளி எல்லாவற்றையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் ‘உங்கள் மெக்கானிக்குப் பொருத்தத் தெரியவில்லை’ என்றார்கள். பிறகு ‘ஆர்டர் செய்து தயாரித்த பொருள், திரும்பப் பெறுவதில்லை’ என்றார்கள். ஆர்டர் செய்து தயாரித்தார்களாம், இடது கியர் ரியர் செட்டை! கடைசியில் எண்ணையே முடக்கிவிட்டார்கள்.

இந்தப் பதிலுக்கெல்லாம் மடங்க வேண்டியதில்லை. பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகமே. கால வரம்பு எதுவும் எழுதப்படாத விற்பனைக்கு 30 நாள் என்று சட்டமே வகுத்திருக்கிறது. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். விற்பனையாளர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்து ஆணையத்துக்குப் போகும்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது: எதிர்த்தரப்பு முகவரி எங்கே? பக்கத்தில் முகவரி இல்லை, பில் இல்லை, எண் முடங்கிவிட்டது. கைகொடுத்தது பார்சல் லாரி ரசீது. அதில் அனுப்பியவர் பெயரும் ஊரும் தெருவும் தெளிவாக எழுதியிருந்தன. அந்தப் பெயர் யுபிஐ கணக்கின் பெயரோடும் ஒத்துப்போனது. அந்த முகவரிக்கு வழக்கறிஞர் அறிவிப்பு போய், ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டது. வழக்குத் தாக்கலாகியிருக்கிறது, டேங்க், குழாய், கிளிப்-ஆன் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன், தகரத் துண்டுகள் உட்பட.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. படங்கள் பழையவைதான். பச்சை டேங்க் போட்ட ஒரு ‘1990 மாடல்’ புல்லட்டின் படம் மேலே இருக்கும். உற்றுப் பார்த்தால் கியர் லீவர் இடது பக்கத்தில் இருப்பது தெரியும். ஏற்கெனவே இவரிடம் வாங்கியவர்கள் பெட்டியோடு வந்த லாரி ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். டேங்கில் பெட்ரோல் ஊற்றியிருந்தால் இன்றே வடித்துவிடுங்கள்.